அடுப்புக்கும் மூன்று நாள் லீவு!

நான் பத்தாவது வரை படித்தவள். வீட்டுக்காரர் மின்சாமான் கடை வைத்திருக்கிறார். மகன், மகள் இரண்டு பேரும் பள்ளிக்கூடம் போகிறார்கள். அத்தை எங்களோடுதான் இருக்கிறார்கள். இந்தப் பகுதியை விடாமல் படிப்பேன், ஆனால் எழுதுவது இதுதான் முதல் தடவை.

எங்கள் ஊரில் "ஒரு எட்டு போயிட்டு வருவோம்" என்றால் சிவசைலம், பாபநாசம், குற்றாலம், இவ்வளவுதான். போகிற அன்று விடியற்காலை மூன்று மணிக்கே நாம் எழுந்துவிட வேண்டும். புளியோதரை கிளறி, தயிர்சாதம் பிசைந்து, இட்லிக்கு மிளகாய்ப்பொடி தடவி, கானத்துவையல் அரைத்து, எல்லாவற்றையும் வாழை இலையில் கட்டி முடிப்பதற்குள் ஆண்கள் குளித்து வேட்டி கட்டி, "இன்னுமா கிளம்பலை?" என்று வாசலில் நிற்பார்கள். உங்கள் வீட்டிலும் இதே கதைதானே?

அருவியில் குளித்துவிட்டு வந்து சாப்பிடும் புளியோதரைக்கு ஈடு இல்லை. அதை நான் குறை சொல்ல மாட்டேன். ஒரு நாள் பயணத்துக்கு அது சரி. ஆனால் கடற்கரை ஊரில் போய் மூன்று நாள் தங்கினால் என்ன ஆகும் என்பதை 2014-ல் அனுபவித்துத் தெரிந்துகொண்டேன்.

அப்போது மூத்தவன் கைக்குழந்தை. மாமா உயிரோடு இருந்தார்கள். சொந்தக்காரர்கள் பதினான்கு பேர் சேர்ந்து கன்னியாகுமரி போய், சமையலறையோடு ஒரு வீட்டை வாடகைக்கு எடுத்தோம். மாமாவுக்குக் கிளப்புக்கடைச் சாப்பாடு ஆகாது. அதனால் அரிசி, பருப்பு, ஸ்டவ் எல்லாம் கூடவே வந்தது. விடியற்காலை எல்லோரும் சூரிய உதயம் பார்க்கப் போனபோது நான் இட்லி அவித்துக்கொண்டிருந்தேன். ஒன்பது மணிக்கு எல்லோரும் விவேகானந்தர் பாறைக்குப் படகு ஏறினார்கள். "நீங்க சமையலை முடிச்சுட்டு சாயங்காலம் போங்க" என்றார்கள். அத்தையும் நானும் பாத்திரம் கழுவி முடித்துப் போனால், காற்று பலமாக இருக்கிறது என்று படகை நிறுத்திவிட்டார்கள்.

ஊர் திரும்பியதும் பக்கத்து வீட்டு அக்கா, "கன்னியாகுமரி எப்படி இருந்துது?" என்று கேட்டார். "நல்லா இருந்துது" என்றேன். வேறென்ன சொல்ல? எடுத்த போட்டோக்களில் ஒன்றில்கூட நாங்கள் இரண்டு பேரும் இல்லை. யாரும் எங்களைச் சமைக்கச் சொல்லிக் கட்டாயப்படுத்தவும் இல்லை, வேண்டாம் என்று சொல்லவும் இல்லை. அது அப்படியே நடந்து போயிற்று.

போன கோடை விடுமுறைக்குப் பிள்ளைகள் கன்னியாகுமரி போக வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தார்கள். அவுகளும் சரி என்றார்கள். "சின்ன அடுப்பை எடுத்துக்குவோம். ரூமிலேயே பொங்கிட்டா செலவு மிச்சம்" என்றார்கள். எனக்குச் சுருக்கென்றது. "அப்படின்னா நீங்க நாலு பேரும் போயிட்டு வாங்க, நான் வரலை" என்று சொல்லிவிட்டேன்.

அவுகளுக்கு ஒன்றும் புரியவில்லை. "ஓட்டல்ல சாப்பிட்டுக் காசைக் கரியாக்கணுமா? அப்பா இருந்தா இதுக்குச் சம்மதிப்பாவளா?" என்று கேட்டார்கள். இரண்டு நாள் எங்களுக்குள் பேச்சில்லை. நான் தப்பாகப் பேசிவிட்டேனோ என்று எனக்கே கலக்கமாகிவிட்டது.

மூன்றாம் நாள் ராத்திரி அவுக சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது அத்தைதான் வாயைத் திறந்தார்கள். "ஏலே, ஐம்பது வருசமா எல்லாத்துக்கும் நாந்தான் எலை போட்டிருக்கேன். ஒரு மூணு நாளைக்கு எனக்கு எவனாவது எலை போட்டா என்ன குறைஞ்சிரும்? அவ சொல்லுதது சரிதான்."

அவுக பதில் பேசவில்லை. கை கழுவிவிட்டு வந்து, "கணக்குப் போட்டுப் பாரு" என்றார்கள்.

நான் சீட்டுப் போட்டுச் சேர்த்த பணம் கொஞ்சம் இருந்தது. நோட்டில் கணக்கு எழுதினேன். போகிற அன்று மட்டும் கட்டுச்சாதம். அதையும் எல்லோரும் சேர்ந்து கட்டுவது என்று முடிவு. அவுக இலை துடைத்தார்கள், மகன் தேங்காய் துருவினான். நான்கரை மணிக்கு எழுந்தாலே போதுமாக இருந்தது. ரயிலில் திருநெல்வேலி, அங்கிருந்து பஸ். ஆரல்வாய்மொழியில் காற்றாலைகளைப் பார்த்ததும் பிள்ளைகள் எண்ண ஆரம்பித்துப் பாதியிலேயே விட்டுவிட்டார்கள்.

மறுநாள் காலை ஐந்து பேரும் கடற்கரையில் உட்கார்ந்து சூரிய உதயம் பார்த்தோம். எட்டு மணிக்குத் தொடங்கும் படகுக்கு முன்னதாகவே வரிசையில் நின்றோம். விவேகானந்தர் 1892 டிசம்பரில் தியானம் செய்த பாறையில் 1970-ல் மண்டபம் கட்டித் திறந்தார்கள். பக்கத்துப் பாறையில் 2000-ம் வருடம் ஜனவரி 1-ம் தேதி திறந்த வள்ளுவர் சிலை. மொத்தம் 133 அடி. பீடம் 38 அடி, அது அறத்துப்பாலின் 38 அதிகாரங்களைக் குறிக்கிறது. சிலை 95 அடி, அது பொருளுக்கும் இன்பத்துக்கும் உள்ள 95 அதிகாரங்கள். என் மகள் இதைச் சொல்லித்தான் எனக்கே தெரியும்.

இப்போது இரண்டு பாறைக்கும் நடுவே கண்ணாடிப் பாலம் இருக்கிறது. 2024 டிசம்பர் 30-ம் தேதி திறந்தது, 77 மீட்டர் நீளம். காலுக்குக் கீழே கடல் தெரிகிறது. அத்தை கண்ணை மூடிக்கொண்டு என் கையை இறுக்கிப் பிடித்தபடி பாதி தூரம் வந்தார்கள். பிறகு மெல்லக் கண்ணைத் திறந்து பார்த்துவிட்டு, "போன தடவை இதை எல்லாமா விட்டுட்டோம்?" என்றார்கள். பாலம் அப்போது இல்லை என்று நான் திருத்தவில்லை. அவர்கள் சொன்னது பாலத்தை அல்ல.

மதியம் ஒரு சைவ ஓட்டலுக்குப் போனோம். அத்தை இதுவரை காப்பியைத் தவிர ஓட்டலில் எதுவும் சாப்பிட்டதில்லை. இலை வந்தது, தண்ணீர் தெளித்தார்கள். அவியல் வாளியோடு பரிமாறுகிறவர் வந்ததும் அத்தை பழக்க தோஷத்தில் எழுந்து, பேரனுக்குப் போடக் கரண்டிக்குக் கை நீட்டிவிட்டார்கள். அந்தப் பையன் சிரித்துக்கொண்டே, "நீங்க இருங்கம்மா, நான் போடுதேன்" என்றான். அத்தை வெட்கப்பட்டு உட்கார்ந்தார்கள். எனக்குக் கண் கலங்கிவிட்டது. வீட்டில் எல்லோரும் சாப்பிட்ட பிறகு ஆறிப்போன சோற்றோடு உட்காருகிற மனுஷி, அன்றைக்குச் சுடச்சுடச் சாப்பிட்டார்கள்.

கன்னியாகுமரி மாவட்டம் 1956 நவம்பர் 1-ம் தேதிதான் திருவிதாங்கூர் பக்கத்திலிருந்து நம்மோடு சேர்ந்தது. அதனால் சாப்பாட்டில் இரண்டு ஊர் ருசியும் உண்டு. சிவப்பரிசிச் சோறா, வெள்ளைச் சோறா என்று கேட்டுப் போடுகிறார்கள். தேங்காய் எண்ணெய் மணக்க அவியல், எரிசேரி, புளிசேரி, கடைசியில் பாயசத்தில் பப்படத்தை நொறுக்கிப் போட்டு, மட்டிப்பழம் பிசைந்து சாப்பிடுகிறார்கள். விரல் நீளத்துக்கு இருக்கும் அந்த மட்டிப்பழத்துக்கு 2023-ல் புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறது. காலையில் புட்டு, பயறு, பப்படம். சாயங்காலம் ரசவடை, பழ பஜ்ஜி. ஊருக்குக் கொண்டுவர நேந்திரங்காய் சிப்ஸும், பாசிப்பயறும் வெல்லமும் சேர்த்துச் செய்யும் முந்திரிக்கொத்தும் வாங்கினோம். நாங்கள் சைவம் என்பதால் மீன் ருசி பற்றி நான் சொல்ல முடியாது, மன்னிக்கவும்.

மூன்றாம் நாள் பஸ்ஸில் தக்கலை போய் பத்மநாபபுரம் அரண்மனை பார்த்தோம். இருப்பது நம் மாநிலத்தில் என்றாலும் பராமரிப்பது கேரள அரசு. திங்கட்கிழமை லீவு, ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். முகம் தெரிகிற மாதிரி பளபளக்கும் கருப்புத் தரையை அத்தை குனிந்து தடவிப் பார்த்தார்கள். அங்கே மாடியும் கீழுமாக ஊட்டுப்புரை இருக்கிறது. ஒரே நேரத்தில் இரண்டாயிரம் பேர் உட்கார்ந்து சாப்பிட்ட இடமாம். ஊறுகாய் போட்டு வைத்த பெரிய சாடிகளும் உண்டு. எல்லோரும் அதன் நீளத்தைப் பார்த்து வாய் பிளந்தார்கள். அத்தை மட்டும், "இத்தனை பேருக்கும் ஆக்கிப் போட்டவுக எங்க உக்காந்து சாப்பிட்டிருப்பாவ?" என்று கேட்டார்கள். யாரும் பதில் சொல்லவில்லை. அவுக மட்டும் என்னை ஒரு தரம் திரும்பிப் பார்த்தார்கள்.

திரும்பும் வழியில் சுசீந்திரம். சிவன், விஷ்ணு, பிரம்மா மூவரும் ஒன்றான தாணுமாலயன், உயரமான ஆஞ்சநேயர், தட்டினால் நாதம் வரும் கல்தூண்கள் எல்லாம் நிதானமாகப் பார்த்தோம். சமைக்க ஓட வேண்டியது இல்லையே!

செலவைச் சொல்லாமல் விட்டால் கடிதம் முழுமையாகாது. மூன்று நாளைக்கு ஐந்து பேருக்குச் சாப்பாடு, டீ, பலகாரம் எல்லாம் சேர்த்து 3,950 ரூபாய் ஆயிற்று. நான் போட்ட கணக்கைவிட 450 ரூபாய் அதிகம். காரணம் என் கவனக்குறைவுதான். கடற்கரையில் ஒரு ஜூஸ் கடையில் விலை கேட்காமல் உட்கார்ந்துவிட்டோம். அதற்குப் பிறகு செய்தது இது:

எந்தக் கடையிலும் விலைப் பலகையைப் பார்த்து, விலை கேட்ட பிறகே உட்கார்ந்தோம். மதியம் ஒரு வேளை மட்டும் முழுச் சாப்பாடு. காலையும் ராத்திரியும் இட்லி, புட்டு, தோசை என்று எளிமையாக முடித்தோம். கூட்டம் அதிகம் உள்ள, சூடாகச் செய்து தருகிற கடையாகத் தேர்ந்தெடுத்தோம். பிள்ளைகளுக்கு வெந்நீரை பிளாஸ்க்கில் வாங்கிக்கொண்டோம். இடையில் பசித்தால் நுங்கு, மட்டிப்பழம். ஒருத்தருக்கும் வயிறு கெடவில்லை. இன்னொன்று, படகுப் பயணத்தைக் கடைசி நாளுக்கு ஒத்திப்போடாதீர்கள். காற்று எப்போது வலுக்கும் என்று சொல்ல முடியாது.

ஓட்டலில் சாப்பிட்டதில் இன்னொரு லாபமும் உண்டு. பரிமாறிய பையனிடம் கேட்டுப் புளிசேரி கற்றுக்கொண்டேன். தடியங்காயை மஞ்சள் பொடி, உப்புப் போட்டு வேகவைத்து, தேங்காய், சீரகம், பச்சை மிளகாய் அரைத்துச் சேர்த்துக் கொதிக்க விட வேண்டும். பிறகு தணலைக் குறைத்து, கடைந்த புளித்த தயிரை ஊற்றி, நுரை கட்டி வரும்போதே இறக்கிவிட வேண்டும், கொதித்தால் திரிந்துவிடும். தேங்காய் எண்ணெயில் கடுகு, வெந்தயம், வத்தல், கறிவேப்பிலை தாளித்தால் முடிந்தது. நம் மோர்க்குழம்புக்குத் தங்கச்சி மாதிரி இருக்கும்.

ஊர் வந்த முதல் ஞாயிற்றுக்கிழமை அதைச் செய்தேன். அவுக இலையில் உட்காராமல் அடுக்களை வாசலில் வந்து நின்றார்கள். "நீயும் அம்மாவும் முதல்ல உக்காருங்க, இன்னைக்கு நான் போடுதேன்" என்றார்கள். சோற்றைப் பாதி கீழே சிந்தினார்கள், அது வேறு விஷயம்.

சகோதரிகளே, கட்டுச்சாதம் கட்டக்கூடாது என்று நான் சொல்லவில்லை. ஓட்டலுக்கே ஓடுங்கள் என்றும் சொல்லவில்லை. ஊர் சுற்றிப் பார்க்கப் போனால் நாமும் பார்க்க வேண்டும், அவ்வளவுதான். அதற்குச் சண்டை போட வேண்டாம், ஒரு வார்த்தை வாய் திறந்து சொன்னால் போதும். நான் பதினோரு வருடம் சொல்லாமல் இருந்துவிட்டேன்.

இந்தத் தடவை போட்டோவில் அத்தையும் நானும் நடுவில் நிற்கிறோம். பின்னால் வள்ளுவர்.

- ஒரு வாசகி, ஆழ்வார்குறிச்சி.