கலந்தால் குப்பை... பிரித்தால் காசு! மறுசுழற்சி என்றால் என்ன?

திண்டுக்கல்,

பழைய இரும்புக்கும், ஈயம் பித்தளைக்கும் பேரீச்சம்பழம் கொடுத்த தள்ளுவண்டிக்காரர்களை திண்டுக்கல்லில் பெரியவர்கள் யாரும் மறந்திருக்க மாட்டார்கள். இப்போது "மறுசுழற்சி" என்று பெரிய பெயரில் சொல்லப்படுவதும் அதே வேலை தான்.

பயன்படுத்தி முடித்த பொருளை தூக்கி எறியாமல் உருக்கியோ, அரைத்தோ, நூற்றோ, மக்க வைத்தோ மறுபடி ஒரு பொருளாக மாற்றுவது தான் மறுசுழற்சி. கேட்க சுலபமாக இருக்கிறது. ஆனால் வீட்டு குப்பையில் பெரும்பகுதி அந்த வழிக்கு போவதே இல்லை. காரணம் ஒன்று தான். எல்லாவற்றையும் ஒரே கவரில் போட்டு கட்டி விடுகிறோம்.

மில்லில் பஞ்சு வீணாவதில்லை

இதை நன்றாக தெரிந்தவர்கள் வேடசந்தூர், வடமதுரை பக்கம் நூற்பாலைகளில் ஷிப்டு பார்க்கும் தொழிலாளர்கள். பஞ்சு நூலாகி வெளியே வரும் வரை ஒவ்வொரு மெஷினிலும் கொஞ்சம் கழிவு விழும். புளோரூமில் விழுவது வேறு. கார்டிங்கில் விழுவது வேறு. கோம்பரில் விழும் குட்டை பஞ்சு வேறு.

எந்த மில்லிலும் இவற்றை ஒன்றாக கூட்டி அள்ள மாட்டார்கள். தனித்தனியாக கட்டி வைத்து விற்பார்கள். அதை வாங்கும் ஓப்பன் எண்ட் மில்களில் மறுபடி நூலாகி, பெட்ஷீட்டாகவும், தரை துடைக்கும் மாப்பாகவும், மிதியடியாகவும் மாறுகிறது. நம் ரூபாய் நோட்டுக்கான காகிதம் பருத்தியில் தான் தயாராகிறது. கோம்பர் கழிவு அதற்கும் போகிறது.

அதே பஞ்சை எண்ணெய், மண்ணோடு சேர்த்து ஒரே சாக்கில் அள்ளி போட்டால்? ஒரு வியாபாரியும் தொட மாட்டார். பொருள் அதே தான். பிரித்து வைத்தால் விலை. கலந்து விட்டால் குப்பை.

வீட்டில் நடப்பது என்ன?

மீந்து போன சாம்பாரும், நேற்றைய பேப்பரும், உடைந்த டம்ளரும் ஒரே கவரில் போகிறது. பேப்பர் ஊறி நாறி விடுவதால் கடையில் எடுக்க மாட்டார்கள். சோறும் காய்கறி தோலும் உரமாகி இருக்கும். அதில் கண்ணாடி தூளும் பிளாஸ்டிக்கும் கலந்த பிறகு எந்த விவசாயியும் தோட்டத்தில் போட மாட்டார். ஒன்றை ஒன்று கெடுத்து மூன்றுமே வீண்.

2011 கணக்கெடுப்பின்படி திண்டுக்கல் நகரில் 2 லட்சத்துக்கும் அதிகமானோர் வசிக்கிறார்கள். 2014-ல் நகராட்சி மாநகராட்சியாக உயர்ந்தது. ஊர் வளர வளர குப்பையும் வளர்ந்தது. முருகபவனம் குப்பை கிடங்கில் அது மலை போல குவிந்தது.

குப்பை மேட்டுக்குள் காற்று புகாமல் அழுகும் உணவு கழிவில் இருந்து மீத்தேன் வாயு கிளம்புகிறது. எளிதில் பற்றி எரியக் கூடியது இது. கோடையில் ஒரு பொறி போதும். தீ உள்ளுக்குள்ளேயே புகைந்து கொண்டிருக்கும். பிளாஸ்டிக் எரியும் அந்த புகையை சுவாசிப்பது சுற்றிலும் குடியிருக்கும் குழந்தைகளும் முதியவர்களும் தான்.

மழை பெய்தால் குப்பைக்குள் ஊறும் கருப்பு நீர் நிலத்துக்குள் இறங்கும். நிலத்தடி நீர் கெட்டால் என்ன ஆகும் என்று திண்டுக்கல்காரர்களுக்கு யாரும் பாடம் நடத்த வேண்டியதில்லை. தோல் ஷாப் கழிவு நீரால் கிணறுகள் கெட்ட கதை சுப்ரீம் கோர்ட்டு வரை போனது. 1996-ல் வந்த தீர்ப்பில் திண்டுக்கல் உள்பட 5 மாவட்ட தோல் ஆலைகளுக்கு தலா 10 ஆயிரம் ரூபாய் அபராதம் விதிக்கப்பட்டது. அபராதம் கட்டி விடலாம். கெட்ட கிணற்றை அவ்வளவு சீக்கிரம் மீட்க முடியாது.

குவிந்த பிறகு பிரிப்பதும் லேசான வேலை இல்லை. சென்னை பெருங்குடியில் பல ஆண்டு குப்பையை தோண்டி, சலித்து, பிரிக்கும் திட்டத்துக்கு சுமார் 350 கோடி ரூபாய் ஒதுக்கப்பட்டது. வீட்டில் இரண்டு வாளி வைத்து செய்ய வேண்டிய வேலைக்கு தான் இந்த செலவு. எல்லாம் மக்கள் வரிப்பணம்!

எது எதுவாக மாறும்?

இரும்பு, பித்தளை, அலுமினியம், கண்ணாடி ஆகியவற்றை எத்தனை தடவை உருக்கினாலும் மறுபடி பயன்படும். பழைய அலுமினியத்தை உருக்க, தாதுவில் இருந்து புதிதாக எடுக்க ஆகும் மின்சாரத்தில் 20-ல் ஒரு பங்கு இருந்தாலே போதும். காகிதத்தை மட்டும் அப்படி முடிவில்லாமல் கூழாக்கிக் கொண்டே இருக்க முடியாது. நார் குட்டையாகி விடும்.

தண்ணீர் பாட்டிலை நறுக்கி, உருக்கி, நாராக இழுத்து பனியன் துணிக்கும், தலையணைக்கும் பயன்படுத்துகிறார்கள். பால் பாக்கெட்டை கழுவி காய வைத்தால் அதற்கும் விலை உண்டு.

கடைக்காரர் வாங்காத மெல்லிய பிளாஸ்டிக்குக்கு வழி காட்டியவர் பக்கத்து மதுரைக்காரர். தியாகராஜர் பொறியியல் கல்லூரி பேராசிரியர் வாசுதேவன் தான் அவர். பிளாஸ்டிக்கை துண்டு துண்டாக்கி, சூடான ஜல்லி மீது தூவினால் உருகி ஒட்டிக் கொள்ளும். அதன் மேல் தார் கலந்தால் ரோட்டுக்குள் தண்ணீர் இறங்குவது குறையும். ஒரு கிலோ மீட்டர் ஒற்றை வழி ரோட்டுக்கு சுமார் ஒரு டன் பிளாஸ்டிக் பிடிக்கும். அந்த அளவுக்கு தார் மிச்சம். 2018-ல் அவருக்கு பத்மஸ்ரீ விருது வழங்கப்பட்டது. ஆனால் இதற்கும் பிளாஸ்டிக் சுத்தமாக, காய்ந்து இருக்க வேண்டும்.

10 ரூபாய் செய்த வேலை

காசு இருந்தால் காலி பாட்டில் கூட திரும்பி நடக்கும் என்பதற்கு டாஸ்மாக் சாட்சி. காட்டில் வீசப்படும் பாட்டில் உடைந்து யானைகளின் காலை கிழிப்பதாக ஐகோர்ட்டில் வழக்கு வந்தது. 2022 மே மாதம் நீலகிரியில் பாட்டிலுக்கு 10 ரூபாய் கூடுதலாக வாங்கி, காலி பாட்டிலை கொடுத்தால் திருப்பி தரும் திட்டம் தொடங்கியது. வீசி எறிந்த கைகளே பாட்டிலை பத்திரமாக கொண்டு வந்து கொடுத்தன. பிறகு மற்ற இடங்களுக்கும் இத்திட்டம் விரிவுபடுத்தப்பட்டது.

கையை கிழிக்கும் கண்ணாடி

கலந்த குப்பைக்கு முதலில் விலை கொடுப்பவர்கள் தூய்மை பணியாளர்கள். கவரை பிரிக்கும் போது உள்ளே பிளேடு இருக்கிறதா, ஊசி இருக்கிறதா என்று தெரியாது. ஒரு சின்ன வெட்டு சீழ் பிடித்தால் பல நாள் வேலை போகும். கவரோடு சோற்றை விழுங்கும் மாட்டின் வயிற்றில் பிளாஸ்டிக் கட்டியாக தங்கி உயிரையே குடித்து விடும்.

செய்ய வேண்டியது என்ன?

2016-ல் வந்த திடக்கழிவு மேலாண்மை விதிகள், வீட்டிலேயே மூன்றாக பிரிக்க சொன்னது.

* மக்கும் குப்பை: சோறு, காய்கறி, பூ, வாழை இலை. மூடி போட்ட வாளியில் வைத்து தினமும் கொடுக்கலாம். தோட்டம் இருந்தால் குழி போட்டு உரமாக்கலாம்.

* மக்காத குப்பை: பேப்பர், பாட்டில், டப்பா, கவர். ஈரம் இல்லாமல் சாக்கில் சேர்த்து வைத்தால் பழைய பேப்பர் கடைக்காரரே வீடு தேடி வருவார்.

* ஆபத்தானவை: பிளேடு, ஊசி, டியூப் லைட், பேட்டரி. இவற்றை தனியாக சுற்றி, சொல்லி கொடுக்க வேண்டும். நாப்கின், டயப்பரை பேப்பரில் சுற்றி தனியாக கொடுக்க வேண்டும்.

"நாம பிரிச்சு கொடுத்தாலும் எல்லாம் ஒரே வண்டியில தானே போகுது?" என்று தெருவில் கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்வி தான். அப்படி நடந்தால் வார்டு கவுன்சிலரிடமும், மாநகராட்சியிலும் புகார் சொல்ல வேண்டும். ஆனால் வீட்டிலேயே கலந்து கொடுத்து விட்டால் கேட்க வாயில்லை. பிரித்து கொடுத்தவர் தான் தட்டிக் கேட்க முடியும்.