மீள்மின்னேற்றக் கலங்கள்: தெரிவும் மின்னேற்றலும் பேணலும்

மின்கலத்தின் அருமையை யாழ்ப்பாணத்தார்க்கு எடுத்துரைத்தல் வேண்டுவதன்று. 1990ஆம் ஆண்டில் குடாநாட்டின் மின்சாரம் அறுபட்டு, மின்கலங்கள் கொண்டுவருதலும் தடுக்கப்பட்டிருந்த நாட்களில், துவிச்சக்கர வண்டியின் தைனமோவைச் சுழற்றி வானொலிச் செய்தி கேட்ட தலைமுறை நம்மிடையே இன்றும் உளது. அந்நாளில் ஒரு கலம் ஒரு செல்வம். இன்று கைத்தொலைபேசி முதல் ஞாயிற்றொளி விளக்கு ஈறாக யாவற்றினுள்ளும் மீளமீள மின்னேற்றத்தக்க கலங்கள் புகுந்துவிட்டன. அவற்றின் இயல்பை அறியாது கையாளுதல் பொருளிழப்போடு அமையாது, வீடு தீப்பற்றுதற்கும் ஏதுவாகும். ஆதலின் அவ்வியல்பை இங்கே சுருங்க ஆராய்வாம்.

ஒரு பொருளின் குணம் அதனிடம் கடும்வேலை வாங்கும்போதே நன்கு புலப்படும். எனவே, எயர்சொவ்ற் எனப்படும் விளையாட்டுத் துப்பாக்கியை எடுத்துக்காட்டாகக் கொள்வாம். இது யப்பானிலே தோன்றியது. ரோக்கியோ மருயி என்னும் நிறுவனம் 1991இல் மின்மோட்டரால் இயங்கும் வகையை வெளியிட்டது. மோட்டர் பற்சில்லுகளைச் சுழற்ற, அவை ஆடுதண்டைப் பின்னிழுத்துச் சுருள்வில்லை அமுக்கும். வில் விடுபட்டதும் உருளையினுள் நெருங்கும் காற்று 6 மில்லிமீற்றர் விட்டமுள்ள பிளாத்திக்குக் குண்டை முன்தள்ளும். இதன் ஆற்றல் 1 யூலுக்குச் சற்றுக் குறைவாகவே இருத்தல் வேண்டும் என யப்பானியச் சட்டம் 2006இல் வரையறுத்தது. எனினும் அச்சிறு குண்டும் கண்ணைக் குருடாக்க வல்லது. கண்கவசமின்றி இவ்விளையாட்டில் ஒருவரும் இறங்கலாகாது.

கலங்களின் வகை

வோல்ற்றா 1800இல் அறிவித்த அடுக்கு, ஒருமுறை தீர்ந்தால் தீர்ந்ததே. பிரான்சு நாட்டுப் பிளாந்தே 1859இல் அமைத்த ஈய–அமிலக் கலமே மீள மின்னேற்றத்தக்க முதற் கலம். சுவீடன் நாட்டு யுங்னர் 1899இல் நிக்கல்–கட்மியக் கலத்தைக் கண்டார். முதற் காலத்து மின்துப்பாக்கிகளை இயக்கியது இவ்வகையே. வலிமையும் உழைப்பும் உடையதாயினும் இதிலுள்ள கட்மியம் கொடிய நஞ்சாகும். யப்பானில் யின்சு ஆற்றங்கரையில் சுரங்கக் கழிவாற் கலந்த கட்மியம் மக்களின் என்புகளைச் சிதைத்த நோயை, 1968இல் அந்நாட்டு அரசு சூழல்மாசினால் வந்த நோயென ஏற்றுக்கொண்டது. பிற்காலத்தில் நிக்கல்–உலோக ஐதரைட்டுக் கலம் கட்மியக் கலத்தின் இடத்தைப் பெரிதும் பெற்றது.

மின்துப்பாக்கி வெளிவந்த அதே 1991இல் சோனி நிறுவனம் இலிதிய–அயன் கலத்தைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. அத்துறையில் உழைத்த குடினவ், விற்றிங்காம், யோசினோ ஆகிய மூவர்க்கும் 2019ஆம் ஆண்டின் இரசாயன நோபெல் பரிசு வழங்கப்பட்டது. இக்கலத்தின் எதிர்மின்வாய் பெரும்பாலும் காரீயத்தால் ஆனது. நம் நாட்டுப் போகலைச் சுரங்கத்தில் அகழப்படுவதும் அக்காரீயமே. மென்மையான பையுறையில் அடைக்கப்பட்ட இலிதிய–பல்பகுதியக் கலமே இன்று இத்துப்பாக்கிகளிற் பெருவழக்கு.

தெரிவு

தெரிவுசெய்வோன் நோக்கவேண்டியவை நான்கு: மின்னழுத்தம், கொள்ளளவு, ஓட்டம் தரும் வலிமை, உருவம்.

நிக்கல் கலம் ஒவ்வொன்றும் 1.2 உவோற்றுத் தரும். ஏழு கலம் சேர்ந்தால் 8.4, எட்டுச் சேர்ந்தால் 9.6. இலிதிய–பல்பகுதியக் கலம் ஒன்றுக்கு 3.7 உவோற்று, இரண்டு சேர்ந்தால் 7.4, மூன்று சேர்ந்தால் 11.1. அழுத்தம் கூடினால் மோட்டர் விரைவாகச் சுழலும். ஆயின் விரைவே நன்மை என்று எண்ணுதல் தவறு. 7.4 உவோற்றுக்கென அமைந்த பொறிக்கு 11.1 ஊட்டின், ஆடுதண்டு முன்சென்று அமையுமுன் பற்சில்லு அதனை மீளப் பற்றிப் பல்லுடைதல் கூடும். விசையின் தொடுகைகளும் பொறிபறந்து கருகும். ஆக்கியோர் குறித்த அழுத்தத்தை மீறாமையே அறிவுடைமை.

கொள்ளளவு மில்லியம்பியர்–மணியாற் குறிக்கப்படும். அது நீர்த்தொட்டியின் பருமனை ஒத்தது. தொட்டி பெரிதாயினும் குழாய் சிறிதாயின் நீர் விரைந்து வாராது. அக்குழாயின் அளவைச் சுட்டுவதே ‘சி’ என்னும் குறியீடு. 1300 மில்லியம்பியர்–மணியும் 20 சியும் பொறித்த கலவடுக்கு 1.3 × 20 = 26 அம்பியர் வரை தொடர்ந்து தரவல்லது என்பது பொருள். மோட்டர் 20 அம்பியர் இழுக்குமாயின் இது போதும். 10 சி மட்டுமே உடையதாயின் 13 அம்பியருக்கு மேல் தரமாட்டாது வெப்பமுற்று வீங்கும். இறுதியாக, துப்பாக்கியின் அறையுள் நெருக்குண்ணாது அமையும் உருவத்தையே கொள்ளல் வேண்டும். நெருக்கித் திணித்தால் மென்னுறை கிழியும்.

மின்னேற்றல்

நிக்கல் கலம் நிறைந்தபின் மேலும் செலுத்தப்படும் மின், நேர்மின்வாயில் ஒட்சிசனைத் தோற்றுவிக்கும். அவ்வாயு எதிர்மின்வாயிற் சேர்ந்து வெப்பமாகும். வெப்பம் ஏறவே கலத்தின் அழுத்தம் சிறிதே தாழும். நல்ல மின்னேற்றி அத்தாழ்வைக் கண்டு நின்றுவிடும். கண்டறியும் திறனற்ற எளிய மின்னேற்றியாயின், கொள்ளளவின் பத்திலொரு பங்கான ஓட்டத்தில் 14 முதல் 16 மணிநேரம் ஏற்றிப் பின் கழற்றிவிட வேண்டும்.

இலிதியக் கலத்தின் முறை வேறு. முதலில் மாறாத ஓட்டத்தில் ஏற்றுதல் வேண்டும், கலம் 4.2 உவோற்றை அடைந்ததும் அவ்வழுத்தத்தை மாறாது நிறுத்தி, ஓட்டம் தானே குறைந்து அற்றுப்போக விடுதல் வேண்டும். ஓட்டம் பொதுவாகக் கொள்ளளவின் ஒரு மடங்கு. 1300 மில்லியம்பியர்–மணிக்கு 1.3 அம்பியர். வரம்பைக் கடப்பின் காரீயத்தின்மேல் இலிதிய உலோகம் படியும். நேர்மின்வாய் சிதைந்து ஒட்சிசன் வெளிப்படும். உள்ளேயுள்ள கரைப்பானோ எளிதில் தீப்பற்றுவது. இம்மூன்றும் ஒருங்கு கூடினால் விளைவது யாதென விளக்கவேண்டியதில்லை.

நிக்கலுக்குரிய மின்னேற்றியால் இலிதியக் கலத்தை ஒருபோதும் ஏற்றலாகாது என்பதற்குக் காரணமும் இதனால் விளங்கும். அம்மின்னேற்றி எதிர்பார்த்து நிற்கும் அழுத்தத் தாழ்வு இலிதியக் கலத்தில் உரிய வேளையில் நிகழ்வதில்லை. ஆகவே அது நிற்காமல் ஏற்றிக்கொண்டே போகும். ஏழு நிக்கற் கலங்களின் பெயரளவு அழுத்தமும், நிறைந்த இரண்டு இலிதியக் கலங்களின் அழுத்தமும் 8.4 உவோற்றாக ஒத்திருத்தல் சிலரை மயக்குவதுண்டு. எண் ஒன்றாயினும் இயல்பு வேறென உணர்க.

இலிதியக் கலவடுக்கில் தடித்த கம்பிகளோடு மெல்லிய கம்பித் தொகுதியொன்றும் காணப்படும். ஒவ்வொரு கலத்தையும் தனித்தளந்து சமப்படுத்துதற்கு உரியது அது. அதனை இணையாது ஏற்றினால், மொத்த அழுத்தம் சரியாகத் தோன்றினும் ஒரு கலம் குறைந்தும் மற்றையது வரம்பு கடந்தும் நிற்றல் கூடும்.

மின்னேற்றும்போது கலத்தைத் துப்பாக்கியினின்று எடுத்து, தீப்பற்றாத தளத்தில் வைத்து, ஒருவர் அருகிருத்தல் வேண்டும். படுக்கையிலும் புத்தகக் குவியலிலும் வைத்து இரவெல்லாம் ஏற்றும் வழக்கத்தை விடுதி மாணவர் அறவே ஒழித்தல் நன்று. விளையாடிச் சூடேறிய கலத்தை ஆறவிட்டே ஏற்றுக. நண்பகல் வெயிலில் நிறுத்திய காரினுள்ளே கலத்தை வைத்தலும் ஆகாது.

பேணல்

கலத்தை முற்றாக வற்றவிடுதல் எவ்வகைக்கும் தீது. நிக்கல் அடுக்கில் வலிகுன்றிய கலம் முதலில் வற்றும். ஏனையவை அதனூடு ஓட்டத்தைச் செலுத்தி முனை மாற்றிக் கெடுத்துவிடும். இலிதியக் கலம் 3 உவோற்றுக்குக் கீழே தாழலாகாது. மிகத் தாழ்ந்தால் உள்ளிருக்கும் செப்புத் தகடு கரைந்து, மீள ஏற்றுங்கால் குறுஞ்சுற்று விளையலாம். சுடும் வேகம் தளரத் தொடங்கியவுடனே நிறுத்துக. விளையாட்டு முடிந்ததும் இணைப்பைக் கழற்றுக; சுற்றில் உருகி ஒன்று இருத்தலும் இன்றியமையாதது.

நெடுநாள் பயன்படுத்தாது வைக்கும்போது இலிதியக் கலத்தை நிறைத்தோ வற்றவிட்டோ வைக்காது, கலமொன்றுக்கு ஏறத்தாழ 3.8 உவோற்றில், குளிர்ந்த உலர்ந்த இடத்தில் வைக்க. நிக்கல்–உலோக ஐதரைட்டுக் கலம் தானாகவே மின் குன்றும் இயல்பினது; அதனைச் சில திங்களுக்கு ஒருமுறை எடுத்து ஏற்றுதல் வேண்டும்.

வீங்கிய கலத்தைக் குத்தியும் அழுத்தியும் சீர்செய்ய முயலுதல் பேதைமை. அதனை மீண்டும் ஏற்றாது, வெளியே மணலிட்ட மட்பாத்திரத்தில் வைத்து, மின்கழிவு ஏற்போரிடம் சேர்ப்பிக்க. குப்பையோடு கொளுத்துதலும் கிணற்றருகே புதைத்தலும் கூடா. சுண்ணக்கல் நிலத்தின் கீழுள்ள நன்னீரை உண்டு வாழும் குடாநாட்டார், நிலத்திற் புதைப்பது நாளை நீரில் வரும் என்பதை மறத்தலாகாது.

ஓர் உவோற்றுமானியின் விலை பெரிதன்று. பௌதிகவியல் கற்கும் மாணவர் தம் வீட்டிலுள்ள கலங்களை அதனால் அளந்து, அளவுகளை ஒரு குறிப்பேட்டிற் பதிந்து வருவாராயின், எக்கலம் மூப்படைந்தது, எக்கலம் ஏமாற்றுகின்றது என்பதைப் பிறர் சொல்லாமலே அறிவர். பாடநூலில் மின்னியக்க விசை என்றும் அகத்தடை என்றும் படிப்பவை தம் கையிலேயே கிடப்பதையும் காண்பர். பற்றாக்குறைக் காலத்தில் முன்னோர் ஒரு கலத்தைப் பேணிய கருத்தோடு, மலிந்த இக்காலத்து இளைஞரும் அதனைப் பேணுவாராக.