மணலில் புதைந்த வேனும் வின்ச்சும்

ராதாபுரத்திலிருந்து கிழக்கே குட்டம் பக்கமாகப் போகிறவர்கள் தேரிக்காட்டைப் பார்த்திருப்பீர்கள். செக்கச் சிவந்த மணல் மேடுகள், இடையிடையே பனைகள். மணல் துகள்களின்மேல் படிந்துள்ள இரும்பு ஆக்சைடே இச்செந்நிறத்துக்குக் காரணம். தென்மேற்குப் பருவக்காற்று வீசும் மாதங்களில் இந்த மணல் நகர்ந்து பாதைகளை மூடுவதுண்டு. அத்தகைய பாதையில் ஒரு வேன் சிக்கிக்கொண்டால், சக்கரம் சுழலச் சுழல இன்னும் ஆழமாகப் புதையுமே தவிர வெளியே வராது.

வேன் ஓட்டும் நண்பர் ஒருவர் இரண்டு முறை இவ்வாறு சிக்கிக்கொண்ட பிறகு என்னிடம் வந்தார். "முன்னால கனமா ஒரு இரும்பு பம்பர் அடிச்சு, அதுல கரண்டு வின்ச் ஒண்ணு மாட்டிரலாம்னு இருக்கேன் சார். பட்டறையில பேசிட்டேன். நீங்க என்ன சொல்லுதீங்க?" என்று கேட்டார். கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்றேன். அந்தக் கணக்கை நீங்களும் போட்டுப் பாருங்கள்.

வின்ச் என்ன செய்கிறது?

பழனிக்குப் போனவர்களுக்கு வின்ச் புதிதன்று. மலைமேல் ஏற்றிச் செல்லும் இழுவை வண்டியை மக்கள் அப்பெயரால்தான் அழைக்கிறார்கள். வண்டியில் பொருத்தும் வின்ச் அதன் தம்பி எனலாம். ஒரு மின்மோட்டார், அதன் வேகத்தைக் குறைக்கும் பற்சக்கரங்கள், கயிறு சுற்றும் உருளை ஆகிய மூன்றே அதன் உறுப்புகள். மோட்டார் பலமுறை சுழலும்போது உருளை ஒரேயொரு முறை சுழலும். வேகத்தில் இழப்பதை விசையில் பெறுகிறோம்.

12 வோல்ட் பேட்டரியில் இயங்கும் ஒரு வின்ச் 4,000 கிலோ எடைக்குச் சமமான விசையுடன், அதாவது ஏறத்தாழ 40,000 நியூட்டன் விசையுடன் இழுக்கிறது என்று கொள்வோம். அப்போது அது எடுத்துக்கொள்ளும் மின்னோட்டம் சுமார் 400 ஆம்பியர் இருக்கும். திறன் 12 × 400 = 4,800 வாட். கயிறோ நிமிடத்துக்கு 2 மீட்டர்தான் நகரும். செய்யப்படும் வேலையைக் கணக்கிட்டால் நொடிக்கு 1,300 ஜூல் அளவே வருகிறது. மூன்றில் ஒரு பங்குகூடப் பயன்படவில்லை, மீதியெல்லாம் வெப்பம். ஆகவேதான் வின்ச்சைத் தொடர்ந்து இயக்காமல், விட்டுவிட்டு இயக்க வேண்டும்.

இன்னொன்றும் கவனியுங்கள். வெற்று உருளையின் ஆரம் 4 செ.மீ. என்றால், கயிறு மூன்று அடுக்கு ஏறிய பின் அது ஏறத்தாழ 6 செ.மீ. ஆகிவிடும். திருப்புவிசை மாறாதிருக்க ஆரம் கூடினால், இழுவிசை மூன்றில் இரண்டு பங்காகக் குறையும். விளம்பரத்தில் சொல்லப்படும் 4,000 கிலோ முதல் அடுக்குக்கு மட்டுமே உரியது.

கயிற்றில் உறங்கும் ஆற்றல்

2024 ஜூன் 21ஆம் நாள் நெல்லையப்பர் கோயில் ஆனித் தேரோட்டத்தில் வடம் அறுந்தது உங்களுக்கு நினைவிருக்கும். இழுக்கப்பட்ட கயிறு சுருக்கப்பட்ட வில்சுருளைப் போன்றது. இழுக்கும்போது நாம் செய்த வேலை அதற்குள் ஆற்றலாகத் தங்கியிருக்கிறது.

20 மீட்டர் எஃகுக் கயிறு 40,000 நியூட்டன் விசையில் ஒரு விழுக்காடு, அதாவது 20 செ.மீ. நீள்கிறது என்று வைத்துக்கொள்வோம். சேமிக்கப்படும் ஆற்றல் ½ × 40,000 × 0.2 = 4,000 ஜூல். மணிக்கு 140 கி.மீ. வேகத்தில் வரும் கிரிக்கெட் பந்தின் ஆற்றல் சுமார் 120 ஜூல்தான். அறுந்த கயிறு, முப்பதுக்கும் மேற்பட்ட அத்தகைய பந்துகளின் ஆற்றலுடன் சாட்டையைப்போல் திரும்பிப் பாய்கிறது. ஆகவே இழுக்கும்போது கயிற்றின் அருகிலோ அதன் நேர்க்கோட்டிலோ எவரும் நிற்கக் கூடாது. கயிற்றின் நடுவில் ஈரச் சாக்கு ஒன்றைப் போட்டுவைப்பது நல்லது. கயிறு அறுந்தாலும் அதன் நிறை பாய்ச்சலைத் தணிக்கும்.

நொறுங்குவதற்கென்றே ஒரு முகம்

இனி பம்பருக்கு வருவோம். "கனமான இரும்பு இருந்தால் மோதினாலும் வண்டிக்கு ஒன்றும் ஆகாது" என்று பலர் நினைக்கிறார்கள். வண்டிக்கு ஆகாமல் போகலாம். உள்ளே இருப்பவருக்கு?

மணிக்கு 50 கி.மீ. வேகம் என்பது நொடிக்கு 13.9 மீட்டர். வண்டியின் முன்பகுதி 60 செ.மீ. நசுங்கி வண்டி நிற்கிறது என்று கொண்டால், எதிர்முடுக்கம் புவியீர்ப்பு முடுக்கத்தைப்போல் 16 மடங்கு. நசுங்க மறுக்கும் இரும்புச் சட்டத்தை மாட்டியதால் அந்த நீளம் 20 செ.மீ. ஆகக் குறைந்தால் 49 மடங்கு! 60 கிலோ எடையுள்ள ஒருவரை இருக்கை வார் முதல் நிலையில் சுமார் ஒரு டன் விசையுடன் பிடித்து நிறுத்த வேண்டும். இரண்டாம் நிலையில் சுமார் மூன்று டன். இந்த வேறுபாடு உயிருக்கும் சாவுக்கும் இடையிலான வேறுபாடாக இருக்கக்கூடும்.

ஆஸ்திரியாவில் பிறந்த பொறியாளர் பேலா பாரெனி, வண்டியின் நடுப்பகுதி உறுதியாகவும் இரு முனைகளும் நசுங்குவனவாகவும் இருக்க வேண்டும் என்ற கருத்துக்கு 1952இல் காப்புரிமை பெற்றார். 1959இல் மெர்சிடஸ் கார்களில் அது நடைமுறைக்கு வந்தது. முகம் தட்டையான சிறு வேன்களில் ஓட்டுநரின் கால்களுக்கு முன்னால் உள்ள இடமே குறைவு. அதையும் நாம் விறைப்பாக்கிவிடலாமா? காற்றுப்பை உள்ள வண்டியானால் மற்றோர் ஆபத்தும் உண்டு. மோதலை உணரும் கருவிகள் வண்டியின் பழைய முகத்துக்கு ஏற்ப அளவிட்டு அமைக்கப்பட்டவை. முகம் மாறினால் பை உரிய நேரத்தில் விரியாமல் போகலாம். குறுக்கே வரும் சைக்கிள்காரரின் நிலையைச் சொல்ல வேண்டியதில்லை.

சட்டமும் இதையே சொல்கிறது. 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, தயாரிப்பாளர் குறித்த விவரங்களிலிருந்து வேறுபடும்படி வண்டியை மாற்றுவதைத் தடுக்கிறது. இதனைச் சுட்டிக்காட்டி, முன்பக்கக் காப்புக் கம்பிகள்மேல் நடவடிக்கை எடுக்கும்படி 2017 டிசம்பரில் மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் மாநிலங்களுக்கு எழுதியது.

நெம்புகோல் சொல்லும் செய்தி

நண்பரை வியப்பில் ஆழ்த்தியது அடுத்த கணக்குத்தான். பம்பரும் வின்ச்சும் சேர்ந்து 80 கிலோ. அவை முன் அச்சுக்கு 80 செ.மீ. முன்னால் தொங்குகின்றன. இரு அச்சுகளுக்கும் இடையே 2.4 மீட்டர். பின் அச்சைத் தாங்குபுள்ளியாகக் கொண்டு திருப்புத்திறன்களைச் சமன்செய்து பாருங்கள். முன் சக்கரங்களில் கூடும் சுமை 80 × 3.2 ÷ 2.4, அதாவது ஏறத்தாழ 107 கிலோ. பின் சக்கரங்களிலோ 27 கிலோ குறைகிறது!

நண்பரின் வேன் பின் சக்கரங்களால் உந்தப்படுவது. மணலில் பிடிப்புத் தேவைப்படும் சக்கரம் இலேசாகிறது. மணலைக் கிழிக்கும் முன் சக்கரம் கனமாகிறது. மணலிலிருந்து மீள மாட்டிய கருவியே மணலில் சிக்கவும் துணைசெய்கிறது.

அப்படியானால் வழி என்ன?

தார்ச்சாலையில் 2,000 கிலோ வேனை உருட்ட 30 கிலோ அளவு விசை போதும். சக்கரம் முழு ஆழத்துக்குப் புதைந்துவிட்டால் ஏறத்தாழ வண்டியின் எடைக்குச் சமமான விசை வேண்டும். ஆகவே முதல் கருவி வின்ச் அன்று, மண்வெட்டி. சக்கரங்களுக்கு முன்னுள்ள மணலைச் சரிவாக வெட்டி, பனைமட்டைகளைப் பரப்பினால் தேவையான விசை பெரிதும் குறைந்துவிடும்.

இரண்டாவது, டயரின் காற்று. ஒரு சக்கரம் 500 கிலோ சுமக்கிறது என்போம். காற்றழுத்தம் 32 பவுண்டு, அதாவது சதுர செ.மீட்டருக்கு 2.2 கிலோ இருக்கையில் தரையைத் தொடும் பரப்பு சுமார் 227 சதுர செ.மீ. அதை 20 பவுண்டாகக் குறைத்தால் பரப்பு 357 சதுர செ.மீ. ஆகிறது. ஒட்டகத்தின் அகன்ற பாதம் மணலில் புதையாததும் இதனால்தான். தார்ச்சாலை ஏறுமுன் மீண்டும் காற்று அடித்துவிட வேண்டும். குறைந்த காற்றுடன் விரைந்து ஓடும் டயர் சூடேறி வெடிக்கக்கூடும்.

இவ்விரண்டும் போதாதபோது, நெம்புகோலால் இயங்கும் கை வின்ச் ஒன்று வண்டிக்குள் இருந்தால் போதும். தயாரிப்பாளரே வைத்துள்ள இழுவைக் கொக்கியில் அதை மாட்டலாம். பனைமரத்தில் கட்டும்போது அகலமான பட்டையைப் பயன்படுத்துங்கள், அடித்தூரில் கட்டுங்கள். உயரே கட்டினால் மரத்தைச் சாய்க்கும் திருப்புத்திறன் கூடும். மரத்தில் ஒரு கப்பியைக் கட்டி, அதன்வழி கயிற்றை மீண்டும் வண்டிக்கே கொண்டுவந்தால், கயிற்றின் இழுவிசை பாதியாகும்.

நண்பர் பட்டறைக்குக் கொடுத்த முன்பணத்தைத் திரும்ப வாங்கிக்கொண்டார். இப்போது அவருடைய வேனில் இருப்பவை ஒரு மண்வெட்டி, ஒரு காற்றடிக்கும் பம்பு, ஒரு கை வின்ச், ஒரு கப்பி, பழைய சாக்கு ஒன்று. வேனின் முகம் மட்டும் பழையபடியே இருக்கிறது. தேவைப்படும் நாளில் அது நசுங்கட்டும். உள்ளே இருப்பவர் வீடு திரும்பட்டும்.