தொட்டுப் பார்த்தால்தான் புரியும்!

மியூசியம் என்றாலே 'தொடாதீர்கள்' போர்டுதான் முதலில் கண்ணில் படும். அமெரிக்காவின் சான் ஃபிரான்சிஸ்கோ நகரில் உள்ள எக்ஸ்ப்ளோரடோரியத்தில் கதையே வேறு. தொட்டு, திருகி, இழுத்துப் பார்க்கத்தான் அங்கே எல்லாமே.

1969-ல் இதைத் தொடங்கியவர் ஃபிராங்க் ஓப்பன்ஹைமர். ஆமாம், அணுகுண்டு ஓப்பன்ஹைமரின் தம்பிதான்! இவரும் இயற்பியலாளர், அண்ணனோடு அதே திட்டத்தில் வேலை பார்த்தவர். ஒரு காலத்தில் கம்யூனிஸ்ட் கட்சியில் இருந்தது தெரியவந்ததும், 1949-ல் பல்கலைக்கழக வேலை போனது. வேறு இடத்திலும் கதவு திறக்கவில்லை. கொலராடோ மாநிலத்துக்குப் போய், பல வருடங்கள் மாடு வளர்த்தார்.

பிறகு அங்கேயே ஒரு சின்ன ஊரில் பள்ளிக்கூட வாத்தியார் ஆனார். பிள்ளைகளைக் குப்பைமேட்டுக்கு அழைத்துப்போய், பழைய கார் பாகங்களைக் கையில் கொடுத்து இயற்பியல் நடத்தினார். மியூசியத்துக்கான விதை விழுந்தது அந்தக் குப்பைமேட்டில்தான் என்று தாராளமாகச் சொல்லலாம்.

2013-ல் துறைமுகப் பகுதிக்கு இடம் மாறிவிட்டது மியூசியம். மாட்டுக் கண்ணை அறுத்து, உள்ளே இருக்கும் லென்ஸை எடுத்துக் காட்டும் செயல்விளக்கம் அங்கே ரொம்பப் பிரபலம். விளக்கம் சொல்ல நிற்பவர்களில் பலர் பட்டம் வாங்கிய விஞ்ஞானிகள் இல்லை. உயர்நிலைப் பள்ளி மாணவர்கள். அதற்குச் சம்பளமும் உண்டு!