தடம் புரள்வது பாரத்தாலா, பரிசோதனைக் குறைவாலா?

"இரயில் ஏன் தடம் புரளுது?" என்று வகுப்பில் கேட்டுப் பாருங்கள். "பாரம் கூடிப்போச்சு சார்" என்பார்கள். தப்பில்லை, ஆனால் பாதி விடைதான்.

தண்டவாளத்துக்கு இரயிலின் மொத்த எடை பெரிதல்ல. ஓர் அச்சு எவ்வளவு சுமக்கிறது என்பதே முக்கியம். அமெரிக்கச் சரக்குப் பெட்டி ஒன்று முழுச் சுமையோடு 2,86,000 பவுண்டு, அதாவது ஏறக்குறைய 130 டன் வரை இருக்கும். அச்சு நான்கு, சக்கரம் எட்டு. ஆக ஒரு சக்கரத்துக்கு 16 டன்னுக்கு மேல்! சக்கரம் தண்டவாளத்தைத் தொடும் இடமோ ஒரு சில்லறைக் காசின் அளவுதான். (அழுத்தம் = விசை ÷ பரப்பளவு; அந்தப் பாடத்துக்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு கிடைக்காது.) இப்படி ஆயிரமாயிரம் சக்கரங்கள் உருண்டுபோனால் எஃகும் களைத்துப்போகும்; நுண்ணிய விரிசல் விடும்.

உள்விரிசலைக் கண்ணால் பார்க்க முடியாது. 1911இல் நியூயார்க் மாநிலத்தின் மான்செஸ்டரில் அப்படியொரு தண்டவாளம் உடைந்து 29 பேர் இறந்தனர். அதன்பின் எல்மர் ஸ்பெர்ரி உருவாக்கிய விரிசல் கண்டறியும் வண்டி 1928இல் ஓடத் தொடங்கியது. இன்று மீயொலி அலைகளால் சோதிக்கிறார்கள்.

கண்டுபிடித்தால் மட்டும் போதுமா? இங்கிலாந்தின் ஹாட்ஃபீல்டில், 2000 அக்டோபர் 17 அன்று மணிக்கு 185 கிலோமீட்டர் வேகத்தில் சென்ற பயணிகள் இரயிலின் அடியில் தண்டவாளம் 300க்கும் மேற்பட்ட துண்டுகளாக நொறுங்கியது. நால்வர் மாண்டனர். அந்தத் தண்டவாளம் பழுது என்பது முன்பே தெரியும். மாற்றுத் தண்டவாளம்கூட பக்கத்திலேயே மாதக்கணக்கில் கிடந்தது. பொருத்தத்தான் இல்லை.

இனி விகிதக் கணக்கு. மாணவர்கள் சறுக்குவது இங்கேதான். நூறு பெட்டி இரயிலில் 800 சக்கரம்; இருபது பெட்டியில் 160. எனவே ஒரு பயணத்தில் ஆபத்து நீண்ட இரயிலுக்கே அதிகம். ஆனால் அதே சரக்கை ஏற்ற சின்ன இரயில் ஐந்து முறை ஓடணுமே! தண்டவாளம், சக்கரப் பழுதால் வரும் விபத்து இரண்டிலும் ஏறக்குறைய ஒன்றுதான். ஓட்டுநர் பிழை போன்றவை ஐந்து பயணத்தில் கூடும். "ஓர் இரயிலுக்கு" என்றால் ஒரு விடை, "ஒரு டன் சரக்குக்கு" என்றால் வேறு விடை. கேள்வியில் பகுதி எது என்று பார்த்த பிறகு பேனாவை எடுங்கள்.