குழாய்த் தண்ணீர் பழுப்பாவது எப்படி?

இரண்டு கண்ணாடிக் குவளைகள். ஒன்றில் உங்கள் சமையலறைக் குழாயில் பிடித்த தண்ணீர். மற்றதில் விற்பனையாளர் கையோடு கொண்டுவந்த 'சுத்தமான' தண்ணீர். உலோகக் கம்பிகள் பொருத்திய ஒரு சிறு கருவியை இரண்டிலும் இறக்கி, மின்சாரத்தைப் பாய்ச்சுகிறார். கொஞ்ச நேரத்தில் குழாய்த் தண்ணீர் மஞ்சளாகி, பழுப்பாகி, சாக்கடைபோல் திரிதிரியாகக் கலங்குகிறது. பக்கத்துக் குவளை பளிங்கு மாதிரி அப்படியே இருக்கிறது. "இதைத்தான்க்கா இத்தனை நாளா பிள்ளைங்களுக்குக் குடுத்துக்கிட்டு இருக்கீங்க" என்கிறார் அவர். அதற்குமேல் பேரம் பேசக்கூட யாருக்கும் வாய் வராது.

ஆசிய நகரங்கள் பலவற்றில் தண்ணீர் வடிகட்டி விற்பவர்கள் ஆண்டுக்கணக்காகக் காட்டிவரும் வித்தை இது. இதில் சுவையான விஷயம், சோதனையில் ஏமாற்று எதுவும் இல்லை என்பதுதான். பள்ளிக்கூட வேதியியல் பாடத்தில் வரும் மின்னாற்பகுப்பு, அவ்வளவே. குழாய்த் தண்ணீரில் கால்சியம், மெக்னீசியம், சோடியம் போன்றவற்றின் உப்புகள் சிறிதளவு கரைந்திருக்கும். அதனால் அதன் வழியே மின்சாரம் பாயும். பாயும்போது கருவியின் இரும்புக் கம்பி கரைந்து துருவாக மாறுகிறது. குவளையில் மிதக்கும் பழுப்பு அழுக்கு தண்ணீரிலிருந்து வந்ததல்ல, கம்பியிலிருந்து வந்தது. விற்பனையாளர் கொண்டுவந்த தண்ணீர், தலைகீழ் சவ்வூடு பரவல் முறையில் உப்பெல்லாம் நீக்கப்பட்ட நீர். அதில் மின்சாரம் ஏறக்குறைய பாயவே பாயாது. எனவே கம்பி கரையாது, நிறமும் மாறாது.

நம்பாதவர்கள் அந்தச் 'சுத்தமான' குவளையில் ஒரு சிட்டிகை சமையல் உப்பைப் போட்டு, கருவியை மறுபடி இறக்கச் சொல்லிப் பார்க்கலாம். அதுவும் பழுப்பாகும். பெரும்பாலான விற்பனையாளர்களுக்கு அந்த நேரத்தில் வேறு வேலை வந்துவிடும்.

அடுத்த வித்தை, பேனா வடிவத்தில் வரும் டிடிஎஸ் மானி. தண்ணீரில் நனைத்தால் திரையில் ஓர் எண் தெரியும். எண் பெரிதாக இருந்தால் தண்ணீர் மோசம் என்பது விளக்கம். உண்மையில் இந்தப் பேனா அளப்பது நீரின் மின்கடத்தும் திறனை மட்டும்தான். அதை வைத்து, கரைந்துள்ள உப்புகள் லிட்டருக்கு எத்தனை மில்லிகிராம் என்று குத்துமதிப்பாகச் சொல்கிறது. கரைந்திருப்பது நல்லதா கெட்டதா என்று அதற்குத் தெரியாது. சிங்கப்பூரின் தேக்கா சந்தையில் வாங்கிய இளநீரில் நனைத்தால் எண் ஆயிரக்கணக்கில் எகிறும். பொட்டாசியம் நிறைந்த இளநீரை யாரும் விஷம் என்று சொல்வதில்லை. மறுபுறம், குடிநீரில் ஈயத்துக்கு உலகச் சுகாதார நிறுவனம் தரும் வழிகாட்டு அளவு லிட்டருக்கு 0.01 மில்லிகிராம். பேனாவின் திரை நகர்வதோ ஒவ்வொரு மில்லிகிராமாக. ஆபத்தான அளவில் ஈயம் கலந்திருந்தாலும் அது மூச்சுவிடாது. பாக்டீரியாவும் அதன் கண்ணில் படாது.

மூன்றாவது, சொட்டு மருந்து. குழாய்த் தண்ணீரில் சில துளிகள் விட்டதும் மஞ்சளாகிறது, 'குளோரின்!' என்கிறார்கள். ஆமாம், இருக்கிறது. இருக்கத்தான் வேண்டும். சிங்கப்பூரின் பொதுப் பயனீட்டுக் கழகம், நீர் ஆலையிலிருந்து உங்கள் மாடிவீட்டுக் குழாய்வரை வரும் வழியில் கிருமி வளராமல் இருக்க குளோரமைனைச் சேர்க்கிறது. கரி வடிகட்டி அதை உறிஞ்சிவிடும். அந்தக் காவல் போன பிறகு, மாதக்கணக்கில் மாற்றப்படாத வடிகட்டியின் ஈரக் கரியில் பாக்டீரியா நிம்மதியாகக் குடியேறலாம். வாங்கிய புதிதில் காட்டும் அக்கறை, வடிகட்டியை மாற்றும் தேதி வரும்போது எத்தனை வீடுகளில் இருக்கிறது?

காரத்தன்மை கூட்டிய தண்ணீர் இரத்தத்தின் அமிலத்தைக் குறைக்கும் என்ற கதையைச் சுருக்கமாக முடித்துவிடலாம். இரத்தத்தின் பிஎச் அளவு 7.35க்கும் 7.45க்கும் இடையில்தான் இருக்கும். நுரையீரலும் சிறுநீரகமும் அதை அப்படியே பிடித்து வைத்திருக்கின்றன. பிஎச் 9 உள்ள நீரைக் குடித்தால் அது முதலில் சந்திப்பது இரைப்பையின் கடும் அமிலத்தை. இரத்தம்வரை அந்தக் காரத்தன்மை போய்ச் சேர்வதில்லை. புற்றுநோய், நீரிழிவு என்று பெயர் சொல்லி விற்கும் இடத்தில் வேதியியல் முடிந்து வெறும் வியாபாரம் தொடங்குகிறது.

இதையெல்லாம் தமிழர்கள் எளிதில் நம்புவதற்கு ஒரு காரணம் உண்டு. அது அறியாமை அல்ல, அனுபவம். 2019 கோடையில் ஏரிகள் வறண்டு, லாரித் தண்ணீருக்குக் குடத்தோடு வரிசையில் நின்ற சென்னையைப் பார்த்தவர்கள் நாம். ஆழ்துளைக் கிணற்று உப்புநீருக்கு வடிகட்டி வேண்டும். தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் நிலத்தடி நீரில் ஃபுளோரைடு மிகுந்து பல்லில் கறையும் எலும்பில் கோளாறும் வந்ததால்தான் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டமே வந்தது. அந்த எச்சரிக்கையைப் பெட்டியோடு கட்டிக்கொண்டு வந்து சிங்கப்பூரின் சிராங்கூன் சாலையில் இறங்குபவருக்கு, 'குழாயில் அப்படியே பிடித்துக் குடிக்கலாம்' என்பதே சந்தேகத்துக்குரிய பேச்சாகப் படுகிறது. ஊரில் ஃபுளோரைடு என்றால் நோய். இங்கே அரசாங்கமே பல் சொத்தையைத் தடுக்க 1950களிலிருந்து அதை மிகச் சிறிய அளவில் குடிநீரில் சேர்த்துவருகிறது. எந்த அளவில் என்பதுதான் கேள்வி. வாட்ஸ்அப் செய்திகளில் பெரும்பாலும் அந்த அளவுதான் இருக்காது.

இந்தியாவிலும் வடிகட்டி எல்லா இடத்துக்கும் தேவைப்படுவதில்லை. லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்குக் குறைவாக உப்புள்ள நீருக்குத் தலைகீழ் சவ்வூடு பரவல் கருவிகளைத் தடை செய்யும்படி தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2019இல் சொன்னது. அக்கருவிகள் தண்ணீரைப் பெருமளவில் வீணாக்குகின்றன என்பது அதன் கவலைகளில் ஒன்று.

சிங்கப்பூரில் இந்த வியாபாரம் 2024இல் சட்டத்தின் பார்வைக்கு வந்தது. குழாய்த் தண்ணீர் குடிப்பதற்குப் பாதுகாப்பானதல்ல என்று தோன்றும்படி விளம்பரம் செய்ததற்காக, வடிகட்டி விற்கும் ஸ்டெர்ரா நிறுவனத்தின் மீது சிங்கப்பூர் போட்டித்தன்மை, பயனீட்டாளர் ஆணையம் நடவடிக்கை எடுத்தது. அதே ஆண்டில் டிரிப்பிள் லைஃப்ஸ்டைல் மார்க்கெட்டிங் என்ற நிறுவனமும், வடிகட்டிய நீரின் உடல்நலப் பயன்கள் பற்றிச் சொன்னவற்றுக்காக ஆணையத்திடம் மாட்டிக்கொண்டது. இனி அப்படிச் செய்வதில்லை என்று இரண்டும் உறுதிமொழி கொடுத்தன. குடிநீரே நாட்டின் உயிர்ப் பிரச்சினையாக இருந்து, நீர்த்தேக்கம், ஜொகூர் நீர், நியூவாட்டர், கடல்நீர் சுத்திகரிப்பு என்று நான்கு வழிகளில் அதைத் தேடிக்கொண்ட ஊரில் இப்படியொரு விளம்பரத்துக்குத் துணிச்சல் வேண்டும்தான்.

உறுதிமொழியோடு விஷயம் முடிந்துவிடுமா? அமெரிக்காவின் லிஸ்டரின் கதை அப்படிச் சொல்லவில்லை. வாய் கொப்பளிக்கும் அந்த மருந்து சளியையும் தொண்டை வலியையும் தடுக்கும் என்று 1920களிலிருந்தே விளம்பரம் வந்துகொண்டிருந்தது. 1975இல் அந்நாட்டு மத்திய வர்த்தக ஆணையம், அடுத்து வரும் சுமார் ஒரு கோடி டாலர் மதிப்பிலான விளம்பரங்களில், இது சளியைத் தடுக்காது என்று அந்த நிறுவனமே சொல்ல வேண்டும் என உத்தரவிட்டது. நிறுவனம் நீதிமன்றம் போய்த் தோற்றது. திருத்த விளம்பரங்களும் வந்தன. எல்லாம் முடிந்த பிறகும் ஏராளமானோர் பழையதையே நம்பிக்கொண்டிருந்தார்கள். ஐம்பது ஆண்டுகள் காதில் விழுந்ததை அந்தத் திருத்தம் அழித்துவிடவில்லை.

மனம் இப்படி நடந்துகொள்வதை உளவியல் ஆய்வாளர்கள் 1977லேயே கவனித்தார்கள். ஹாஷர், கோல்ட்ஸ்டீன், டொப்பினோ மூவரும் மாணவர்களிடம் சில கூற்றுகளை வாரக்கணக்கான இடைவெளியில் திரும்பத் திரும்பக் காட்டினர். மெய்யோ பொய்யோ, முன்பே கேட்ட கூற்று மேலும் நம்பத்தக்கதாகத் தெரிந்தது. கைப்பேசியில் ஒரே வடிகட்டி விளம்பரம் நாள்தோறும் வந்து நிற்பது தற்செயல் அல்ல.

ஒரு சின்னக் கணக்கும் போட்டுப் பார்க்கலாம். 2025 ஏப்ரல் முதல் சிங்கப்பூரில் வீடுகளுக்கு ஒரு கன மீட்டர், அதாவது ஆயிரம் லிட்டர், தண்ணீரின் விலை 3.24 வெள்ளி. ஒரு குடும்பம் நாளுக்குப் பத்து லிட்டர் குடிக்கிறது, சமைக்கிறது என்று வைத்துக்கொண்டால், ஆண்டுச் செலவு 12 வெள்ளிக்கும் குறைவு. சுவை பிடிக்கிறது என்று வடிகட்டி வாங்குபவரிடம் தகராறு எதுவும் இல்லை. பயந்து வாங்குபவர்தான் யோசிக்க வேண்டும்.

பொதுப் பயனீட்டுக் கழகம் வீடு வீடாக ஆள் அனுப்பி வடிகட்டி விற்பதில்லை. கழகத்தின் பெயரைச் சொல்லி யாராவது கதவைத் தட்டினால் அதுவே போதுமான எச்சரிக்கை. அழைக்காமல் வீட்டுக்கு வந்தவரிடம் கையெழுத்துப் போட்டுவிட்டீர்களா? சனி, ஞாயிறு, பொது விடுமுறை நீங்கலாக ஐந்து நாள்களுக்குள் எழுத்துமூலம் தெரிவித்து ஒப்பந்தத்தை ரத்து செய்ய சிங்கப்பூர் விதிமுறைகள் இடம் தருகின்றன. அந்தக் கெடு தாண்டிவிட்டால் சிங்கப்பூர் பயனீட்டாளர் சங்கத்திடம் முறையிடலாம். ரசீதையும், விற்பனையாளர் தந்த துண்டுப் பிரசுரத்தையும், வாட்ஸ்அப் உரையாடலையும் தூக்கிப் போடாமல் வைத்திருங்கள்.