உடலியக்கமும் உவகையும்

திருகோணமலையினின்றும் வடக்கே, நிலாவெளியைக் கடந்து புல்மோட்டை நோக்கிச் செல்லும் கரைவழியில் அமைந்த ஊர் குச்சவெளி. மணலில் நடந்தும், வலை இழுத்தும், வயலில் இறங்கியும் வாழ்வார்க்குக் காலே பிழைப்பின் முதல். நெடும்போரும் 2004 திசெம்பர் 26ஆந் திகதிக் கடற்கோளும் வருத்திய இக்கரையில், ஊறுற்றார் மீண்டும் எழுவது எங்ஙனம் என்னும் வினா ஏட்டளவில் நிற்பதன்று.

புண் ஆறுதல் வேறு; மனிதன் தேறுதல் வேறு. படுக்கையிற் கிடப்பார்க்குச் சில நாளிலேயே தசை மெலியத் தொடங்கும், பின்னர் மூட்டு இறுகும், என்பு வலுக்குன்றும். ஆதலின் வைத்தியர் அளவறிந்து விதிக்கும் உடலியக்கமும் மருந்தேயாம். ஆயின், நோவைப் பொறுத்து நாள்தோறும் அதனைச் செய்தற்கு உள்ளம் இசைதல் வேண்டும். அவ்விசைவைத் தருவது உவகை.

இங்கிலாந்தின் ஸ்ரோக் மண்டவில் வைத்தியசாலையில் 1944இல் முள்ளந்தண்டு ஊறுற்றார்க்கான பிரிவைத் தொடங்கிய வைத்தியர் லூட்விக் குட்மன், அவர்களைச் சக்கர நாற்காலியில் இருந்தவாறே விளையாடச் செய்தார். வில் வளைத்தலால் தோளும் முதுகும் வலுப்பெற்றன. போட்டியில் எழுந்த ஆவலால் மனச்சோர்வு தணிந்தது. 1948 யூலை 29இல் பதினாறு பேர் பங்குபற்றிய வில்வித்தைப் போட்டி, 1960இல் உரோமாபுரியிற் பல நாட்டினரும் கூடிய பெருவிழாவாக வளர்ந்தது.

நமக்கு அணித்தான சான்றும் உண்டு. 1960களின் இறுதியில் ஜெய்ப்பூரிலே கைவினைஞர் இராம் சந்திர சர்மாவும் வைத்தியர் பி. கே. சேத்தியும் உருவாக்கிய செயற்கைப் பாதம், சப்பாத்தின்றி நடத்தற்கும் குந்தியிருத்தற்கும் ஏற்றது. யாழ்ப்பாணத்து ஜெய்ப்பூர் நிலையத்தின் பெயரும் அதனையே நினைவூட்டும். 1981இல் விபத்தினால் வலக்காலை இழந்த நடனமணி சுதா சந்திரன், அப்பாதம் பூண்டு பயின்று, 1984இல் மீண்டும் மேடையேறினார். பாதத்தைத் தந்தது கைத்தொழில். நடையைத் தந்தது பயிற்சி. பயிற்சியை இடையிற் கைவிடாது காத்தது ஆடலின்மேல் அவர் கொண்ட காதல்.

உவகை என்றது துயரை மறைக்கும் முகமூடியை அன்று. அழவேண்டியவர் அழுதே தேறுவர்; அவரை அதட்டிச் சிரிப்பித்தல் மருந்தாகாது. அவரவர் விரும்பும் செயலை அறிந்து, அதனோடு பயிற்சியை இணைத்தலே வழி. குச்சவெளியில் ஒருவர்க்கு அது வலை பொத்துதலாகலாம், மற்றொருவர்க்குக் கோயிலுக்கோ பள்ளிவாசலுக்கோ நடந்து செல்லுதலாகலாம், சிறுவர்க்குப் பந்தாட்டமாகலாம். எல்லாப் பணியையும் தாமே செய்து நோயாளரைக் கட்டிலில் இருத்துதல் அன்பின் மிகுதியாற் செய்யும் பிழை. முதலடிக்குத் தோள் கொடுத்தலும், இரண்டாமடி கண்டு உடன்மகிழ்தலுமே சுற்றத்தார் செய்யத்தக்க பேருதவியாம்.